என்னிடம் பேசாதவர் பார்த்த படம்

மார்ச் 3, வெள்ளி

பச்சைத் துணியைத் தப்பாக வெட்டித் தொலைத்தேன். திரைச்சீலைக் கடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஜன்னல் அளவையும் கதவு அளவையும் மாற்றி எழுதினால்? முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நாளைக்கு மகள் எங்களை ஏதோ படத்துக்கு இழுத்துப் போகிறாளாம். போருக்குப் போய்த் திரும்பியவனின் கதை. போன வருஷம் வந்த சுவடே தெரியாமல் பெட்டிக்குள் போன படம். "அப்பா பாக்கணும்மா" என்கிறாள். லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு அவர் எங்கே வரப்போகிறார்!

மார்ச் 4, சனி

வந்தார்.

நூலகத்து மாடியில் சின்ன அரங்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்கு மூன்றாவது வரிசை. படம் ஆமை வேகம். படையிலிருந்து வந்தவன் பெயின்ட் கிடங்கில் வேலைக்குச் சேர்கிறான், யாரிடமும் பேசுவதில்லை. ஒரு காட்சியில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான், நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். எனக்குக் கொட்டாவி.

முடிந்ததும் கலந்துரையாடல். நடத்தியவள் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண், என்னைவிட இளையவள். ஒருவர் எழுந்து, "எதுக்குங்க அவ்ளோ நேரம் நிக்கிறான்? இது படமா, கரண்ட் பில்லா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதாங்க நிஜம். உங்களுக்குச் சண்டைக் காட்சி வேணும்" என்று பாய்ந்தாள். இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் எழுந்தார். எழுந்து — பேசினார்!

"நானும் போயிட்டு வந்தவன்தாங்க. அவன் எதையும் தேடல. மோட்டார் சத்தத்தைக் கேக்குறான். பதுங்குகுழியில ஜெனரேட்டர் ஓடிட்டிருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அது நின்னுபோன அன்னைக்குத்தான் என் கூட்டாளி போனான்."

கண்ணாடிக்காரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் சொல்லுங்க சார்." சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் அவர் நிற்காத நாள் உண்டா? "கதவ மூடுங்க" என்று நான் கத்தாத நாள் உண்டா? என்ன வேணும் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். ஊருக்கெல்லாம் கதை. எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல.

மார்ச் 5, ஞாயிறு

காபியை ணங்கென்று வைத்தேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 8, புதன்

கண்ணாடிக்காரி போன் செய்தாள். சனிக்கிழமை மறுபடி அதே படமாம், அவர் வந்து பேச வேண்டுமாம். "கண்டிப்பா வரேங்க மேடம்." அந்தக் குரலில் என்னிடம் எதற்காவது சரி சொன்னதுண்டா?

ஜனங்கள் இணையத்தில் எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள். "பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே முடியவில்லை" — இது ஒருவர். "தூக்க மாத்திரைக்குப் பதிலாகப் பரிந்துரைக்கிறேன்" — இது இன்னொருவர். அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். அவருக்கு ரகசியமாக ஒரு லைக் போட்டேன்.

மார்ச் 11, சனி

சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன். "சரி, படுத்துக்கோ" என்றார். படுத்துக்கொள்வதாவது!

அவள் அப்படியொன்றும் அழகி இல்லை. அழகியாக இருந்தால் அழகுக்காக வயிறெரிகிறேன் என்று விட்டுவிடலாம். எனக்கு அவள் முகத்தின் மேல் பொறாமை இல்லை. காதின் மேல். அதற்குள் போய் விழுந்ததெல்லாம் என் காதில் விழுந்திருக்க வேண்டியது.

மார்ச் 13, திங்கள்

ஆற்றாமல் நானும் எழுதிப் போட்டேன். 'மூன்றாவது வரிசை' என்று ஒரு பொய்ப்பெயர். "போருக்குப் போனவன் ஊமையாகிவிடுவான் என்று காட்டியிருக்கிறார்கள். தவறு. அவன் நன்றாகவே பேசுவான், கட்டியவளைத் தவிர மற்ற எல்லோரிடமும். அவளைப் பற்றி ஒரு காட்சிகூட இல்லாத படத்தை எப்படி நிஜம் என்கிறீர்கள்?"

அதன் கீழே ஒரே அடிதடி. ஒருவன் எனக்கு ரசனையே இல்லை என்கிறான். ஒருத்தி என்னைத் தெய்வம் என்கிறாள்.

மார்ச் 15, புதன்

சாப்பிடும்போது மகளிடம் சொல்கிறார்: "யாரோ ஒரு பொம்பள எழுதியிருக்கா பாத்தியா? அவளுக்குத்தான் படம் புரிஞ்சிருக்கு. பார்த்துப் பேசணும்போல இருக்கு."

யாரோ ஒரு பொம்பளையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில், எழுதியவள் நான்தான் என்பதே ஒரு நொடி மறந்துபோனது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? என் மேலேயே எனக்குப் பொறாமை.

மார்ச் 18, சனி

மறுபடி அதே படம், மறுபடி அவர் பேச்சு. இன்று அவர் கிளம்பிய பிறகு நானும் மகளோடு போனேன். கடைசி வரிசை.

கண்ணாடிக்காரி நான் எழுதியதை உரக்க வாசித்தாள். "இதுக்கு என்ன சொல்றீங்க சார்?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவங்க சொல்றது நியாயம்தான். ஆனா வீட்ல ஒருத்தி என்னைத் திட்டுறா பாருங்க, ஃப்ரிட்ஜ மூடுன்னு — அப்பதாங்க நான் சாதாரண ஆளு. சொல்லிட்டா திட்ட மாட்டா. ஐயோ பாவம்னு பாப்பா. அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. என்னை இவ்வளவுதான் தெரியுமா இந்த மனுஷனுக்கு? எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை.

"எழுதுனது நான்தாங்க. நான் பாவம் பாக்குற ஆளா? சொல்லிப் பாருங்க. சொன்னாலும் திட்டுவேன். இத்தன வருஷம் சொல்லாததுக்கும் சேத்துத் திட்டுவேன்."

கரண்ட் பில்காரர்தான் முதலில் கை தட்டினார். என் வீட்டுக்காரருக்குக் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மார்ச் 19, ஞாயிறு

ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றார். நான் வாயெடுத்தேன் — வார்த்தை வரவில்லை. அவர் பயந்துபோய்த் திரும்பினார்.

"திட்டு" என்றார்.

திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

புதுக் குடியிருப்பில் ஜன்னல்களுக்கு அளவெடுக்கப் போனேன். ஏணி பிடிக்க ஆள் வரவில்லை. அவர் கூட வந்தார். காலி வீடு, எதிரொலி. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே ஆரம்பித்தார்.

"அங்க எனக்கு என்ன பேரு தெரியுமா?"

"என்ன?"

"கொக்கு. பூட்ஸ் கடிச்சு, காவலுக்கு ஒத்தக் கால்ல நிப்பேன்."

சிரித்துச் சிரித்து ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். "இத அந்த மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா. அப்படிக் கூப்பிட்டவங்க யாரும் இப்ப இல்ல."

அடுத்த ஜன்னலுக்குப் போனோம். "நான் கூப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். டேப்பைச் சுருட்டினார். "வீட்ல யாரும் இல்லாதப்ப வேணா."

ஏப்ரல் 3, திங்கள்

மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினார்.