நிக்கோவுக்கு நான் போட்ட எஃப்

லாக்கவானா,
புதன்கிழமை

கண்ணு கேசி,

இங்க நான் நல்லா இருக்கேன், அப்பாவும் நல்லா இருக்கார், அவரோட இடுப்பு மட்டும் மழை வருதா பனி வருதான்னு ஒரு நாள் முன்னாடியே சொல்லிட்டிருக்கு. நீ அந்தக் கிராக்கோவ் குளிர்ல காதை மூடிக்கிட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, முட்டிக்கு ஒத்தடம் வச்சுக்கிட்டு ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினமும் மாதாகிட்ட கேட்டுக்கறேன். ஏப்ரல் முடியப் போகுது, நேத்துகூட ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிட்டுப் போச்சு. உன் கொள்ளுத்தாத்தா போலந்தே வேண்டாம்னு கப்பலேறி வந்து இங்க இரும்பு ஆலையில சேர்ந்தார், நீ என்னடான்னா அமெரிக்க ஃபுட்பால் ஆடறதுக்கு அதே போலந்துக்குத் திரும்பிப் போயிருக்கே. அப்பா இதைப் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார். எனக்குச் சிரிப்பு வரல. போன்ல பேசியிருக்கலாம்தான், ஆனா போன்ல நீ நடுவுல குறுக்கிடுவே, நான் அழுதுடுவேன், அதனால எழுதறேன், முழுசாப் படி.

அடுத்த வீட்டு டோனாவோட பையன் நிக்கோவை, காலேஜ் பசங்கள்லேர்ந்து வருஷா வருஷம் ஆள் எடுப்பாங்களே அதுல, நம்ம ஊர் டீமே எடுத்துக்கிச்சுன்னு உனக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருக்கும் என்ன, எனக்குத் தெரிஞ்ச அதே நிமிஷம் உனக்கும் தெரியும், அதுக்கு அப்புறம் வரேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் தீயணைப்பு நிலைய ஹாலுக்கு எப்பவும் போல பொரிச்ச மீன் சாப்பிடப் போனோம். அன்னைக்கு மீனை யார் பாத்தாங்க, எல்லாரும் டீவியத்தான் பாத்தாங்க. டோனா ரெண்டு மேசைய இழுத்துச் சேர்த்துப் போட்டு அவ ஜனத்தையெல்லாம் உக்கார வச்சிருந்தா, எல்லாருக்கும் நம்ம டீமோட நீலச் சட்டை. மூணாவது சுற்றுல நம்ம டீமோட முறை வந்துச்சு, மேடையில நின்ன ஆள் சீட்டைப் பாத்து நிக்கோ ஃபராச்சின்னு படிச்சார். பாதி ஹால் கூரை பிச்சுக்கற மாதிரி கத்திச்சு, மீதிப் பாதி, ஐயோ மறுபடியும் முன்வரிசையில நின்னு மறிக்கற ஆளா, பந்து பிடிக்க ஆள் எடுங்கடான்னு தலையில கை வச்சுக்கிச்சு. டோனா எழுந்து, அவ அக்காவை விட்டுட்டு, அவ அண்ணனை விட்டுட்டு, நேரா என்கிட்ட ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா, அவ கண்மை பூரா என் வெள்ளை ஸ்வெட்டர்ல. நான் சந்தோஷம்டி, ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். வாய்தான் சொல்லிச்சு கண்ணு.

போன வருஷம் இதே மூணு நாள் நம்ம வீட்டு ஹால்ல எப்படி இருந்துச்சுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு டீமும் வரிசையா யார் யாரோ பசங்க பேரைக் கூப்பிட்டுச்சு, உன் போன் சோபாக் கைப்பிடி மேலேயே கிடந்துச்சு, கடைசிப் பேர் வரைக்கும் ஒருத்தனும் கூப்பிடல. டோனாதான் லசான்யா கொண்டுவந்து வச்சுட்டு மூணு நாளும் என் பக்கத்துல உக்காந்திருந்தா. ஸ்கூல்ல உன் தோளுக்குப் பக்கத்துல நின்னு ஆடின பையன் நிக்கோ. உன்னைப் பாத்துத்தான் காலை எங்க வைக்கணும்னே கத்துக்கிட்டான். உன் முட்டி மட்டும் காலேஜ் மூணாம் வருஷத்துல பிசகாம இருந்திருந்தா! சரி, அதை எழுத மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.

சனிக்கிழமை முழுக்க நம்ம வாசல் முன்னால அவங்க வீட்டுக்கு வந்தவங்க கார், நான் வண்டிய வெளிய எடுக்க முடியல. டீவிக்காரப் பொண்ணு ஒருத்தி மைக்கோட வந்து, நீங்க பக்கத்து வீடாமே, நிக்கோ எப்பேர்ப்பட்ட பையன்னு சொல்லுங்களேன்னா. எனக்கு வாயில வேற எதுவும் வரல, நல்லாச் சாப்பிடுவான்னு சொன்னேன். ஆறு மணிச் செய்தியில அதை அப்படியே போட்டுட்டாங்க, அப்பா சிரிச்ச சிரிப்புல காபி மூக்கு வழியா வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல ஸ்கூல் டீம் போட்டோ போட்டிருந்தாங்க, நீங்க ரெண்டு பேரும் ஒட்டி நிப்பீங்களே அது. நிக்கோவை மட்டும் விட்டு மத்த எல்லாரையும் வெட்டியிருக்காங்க. ஓரத்துல ஒரு முழங்கை தெரியுது. அது உன்னோடது. நான் அந்த முழங்கைய எத்தனை நேரம் பாத்துட்டிருந்தேன்னு எனக்கே தெரியாது. இதுல இன்னொண்ணு, ஸ்டேடியம் இங்கேர்ந்து கார்ல கொஞ்ச தூரம்தான். அவ பையன் ஆட்டம் முடிஞ்சா அம்மா கையால சாப்பிட வீட்டுக்கே வந்துடுவான். என் பையன் கடலுக்கு அந்தப் பக்கம்.

இந்த லட்சணத்துலதான் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சர்ச் ஹாலுக்கு மார்க் போடப் போனேன். வருஷா வருஷம் நடக்கறதுதானே, வால்ட் கிழவர் கரும்பலகை பக்கத்துல நிப்பார், ஆளுக்கு ஒரு கட்டு அட்டை, ஏ-லேர்ந்து எஃப் வரைக்கும், டீம் எடுத்த ஒவ்வொரு பையனுக்கும் தூக்கிக் காட்டணும். முதல் சுற்றுல எடுத்தவனுக்கு பி ப்ளஸ் வந்துச்சு. நிக்கோ பேர் வந்ததும், அம்மாக்காரி மார்க் போடக் கூடாதுன்னு வால்ட் சொல்ல, டோனா அட்டைய மேசை மேல கவுத்து வச்சுட்டு டோனட்டப் பிச்சுக்கிட்டு உக்காந்தா. டோனா, கோவிச்சுக்காதே, ஊர்ப் பையன்னா ஊர்ப் பையன், மார்க்னா மார்க்னு பின்னாலேர்ந்து ஒருத்தன் ஆரம்பிச்சான். பந்தை எறிஞ்சா பிடிக்க நாதியில்ல, இவங்க என்னடான்னா வருஷா வருஷம் மதிலையே கட்டிட்டிருக்காங்கன்னான் இன்னொருத்தன். பேக்கரிக்கார ஸ்டான், மதில் இல்லாமத்தான்டா போன டிசம்பர்ல பந்தை எறியற நம்ம ஆள் மல்லாக்க விழுந்து விழுந்து வானத்தையே பாத்துட்டிருந்தான்னு கத்தினான். சிரிப்பும் சத்தமுமா அட்டைங்க மேல போச்சு, சி, டி, சி, ஸ்டான் ஒருத்தன் மட்டும் ஏ. நான் எஃப்பைத் தூக்கினேன். ஒளிச்சு இல்ல, தலைக்கு மேல நல்லா நீட்டித் தூக்கினேன்.

வால்ட் கண்ணாடிய இறக்கி, லொரேன், அது எஃப்மா, தலைகீழாப் பிடிச்சிருக்கியான்னார். இல்ல, சரியாத்தான் பிடிச்சிருக்கேன்னேன். அவன் இடது கால் லேட்டா வருது, ஸ்கூல்ல நாலு வருஷமும் என் பையன் பக்கத்துல நின்னு இவனுக்கும் சேர்த்து மறிச்சதாலதான் அது யார் கண்ணுக்கும் தெரியல, இங்க எந்தக் கேசி வந்து நிக்கப் போறான்னு கேட்டேன். அப்பா என் ஸ்வெட்டரைப் பிடிச்சு கீழ இழுக்கறார், நான் உக்காரல. டோனா டோனட்ட வச்சுட்டு, கையத் துடைச்சுக்கிட்டு, எழுதிக்குங்க வால்ட், அவ சொல்றது சரிதான், இடது கால் லேட்டு, கேசியே வெள்ளிக்கிழமை போன் பண்ணி அதைத்தான் சொன்னான்னா. எனக்குக் காதுல ஒண்ணும் விழாத மாதிரி ஆயிடுச்சு. நீ போன் பண்ணியிருக்கே. அங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து உக்காந்து டீவி பாத்து, அவங்களுக்குப் போன் பண்ணியிருக்கே. நம்ம வீட்டுக்கு இல்ல.

நான் கோட்டை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். கார் நிறுத்தற இடத்துல டோனா பின்னாலேயே வந்தா. ஏன்டி லொரேன், என் பையனுக்கு எஃப் போட்டா உன் பையனுக்கு ஏ வந்துடுமான்னு கேட்டா. வராதுன்னேன். பொறாமைதானேன்னா. ஆமா பொறாமைதான், உன் நீலச் சட்டையப் பாத்தாலே எரியுதுன்னேன். அவ கோவமா ஏதாவது சொல்லுவான்னு காத்திருந்தேன். அவ கார் மேல சாஞ்சுக்கிட்டு சொன்னா, அந்தக் காலத்துல கேசியைப் பாக்க காலேஜ் கோச்சுங்க கார் வந்து வந்து நிக்குமே, எல்லாம் என் வாசலைத் தாண்டித்தான் உன் வாசலுக்கு வரும், நான் சமையலறை ஜன்னல்ல நின்னு ஒவ்வொரு காரையும் இங்க நிக்காதா நிக்காதான்னு பாப்பேன், உன்மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமாடின்னா. அப்புறம் குரலைத் தணிச்சு, போன வருஷம் கடைசிப் பேரைப் படிச்சதும் உன் சோபாவுல உக்காந்து அழுதேனே, நீ கேசிக்காக அழறேன்னு நெனச்சே, என் மனசுல ஒரு ஓரத்துல நிம்மதியா இருந்துச்சு லொரேன், அந்த நிம்மதி என்னை பயமுறுத்திடுச்சு, அதுக்குத்தான் அழுதேன்னா.

நான் அவளை அறைஞ்சிருக்கணும். அறையல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு கண்ணு, இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மூணு நாளா நான் ஒருத்திதான் உலகத்துல கெட்டவன்னு நெனச்சுட்டு இருந்தேன். ரெண்டு பேரும் அவ கார்லயே உக்காந்து ஹீட்டரைப் போட்டுக்கிட்டு மீதி டோனட்ட சாப்பிட்டோம். அப்பதான் அவ, கேசி இனிமே இங்க எந்த டீமோட ஆள் எடுக்கற கேம்ப்புக்கும் முயற்சி பண்ணப் போறதில்லையாமே, அங்கயே சின்னப் பசங்களுக்குக் கோச்சா இருந்துடப் போறானாமே, நிக்கோகிட்ட சொன்னானாம், நல்ல முடிவுதானேன்னா. என் முகத்தைப் பாத்ததும் கையால வாயப் பொத்திக்கிட்டா. உனக்குத் தெரியாதான்னா. தெரியும்னு சொன்னேன். அவ நம்பல.

திங்கக்கிழமை நிக்கோவே வந்தான். கதவைத் தட்டி, பாதியாக் குனிஞ்சு உள்ள வந்து, எப்பவும் கூப்பிடற மாதிரி, மிசஸ் பி, எஃப் போட்டீங்களாமேன்னான், முகத்துல ஒரு சிரிப்பு. போட்டேன்டா, என்ன பண்ணப் போறேன்னேன். சமையலறை மேசைய ஓரமாத் தள்ளிட்டு, பாருங்கன்னு ஆட்டத்துல நிக்கற மாதிரி குத்த வச்சு, இடது காலை எடுத்து வச்சான். அலமாரியில தட்டெல்லாம் கலகலன்னுச்சு. லேட்டுன்னேன். மறுபடி வச்சான். இன்னும் லேட்டுன்னேன். அப்பா விசில் ஊதற மாதிரி உதட்டால சத்தம் கொடுத்தார். வேர்த்து ஊத்தற வரைக்கும் அந்தப் பையன் நம்ம சமையலறையில கால் எடுத்து வச்சுக்கிட்டே இருந்தான், எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல நீ நிக்கணும்னுதான் தோணிச்சு, அது போகல, போகும்னும் தோணல. கடைசியில டி ப்ளஸ் கொடுத்தேன். அதுக்கே கையத் தூக்கிக் குதிச்சான், கீழ பேஸ்மென்ட் விளக்கு அணைஞ்சு போச்சு. போகும்போது வாசல்ல நின்னு, கேசி அங்க பசங்களுக்குச் சொல்லித் தர வீடியோ பாத்தீங்களா மிசஸ் பி, அவன் அப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாப் பாக்கலன்னு சொல்லிட்டுப் போனான். நான் பாக்கல. அதையும் எனக்கு நீ அனுப்பல.

கேசி, நீ ஆட்டத்தை நிறுத்தறதுல எனக்குக் கோவம் இல்ல. முட்டி வலிச்சு நிறுத்தறியா, இல்ல சோபாவுல உக்காந்திருந்த எங்க முகத்தை மறுபடியும் பாக்க பயந்து நிறுத்தறியா, அதை மட்டும் சொல்லு. ரெண்டாவதா இருந்தா, அந்த சோபாவை இந்த வாரமே தெருவுல தூக்கிப் போட்டுடறேன், அப்பாவுக்கும் அது பிடிக்காது. முதலாவதா இருந்தா, நல்ல டாக்டராப் பாரு, ஈரக் காலுறையோட திரியாதே, பீட்ரூட் சூப்பு நல்லா வைப்பாங்களாம் அங்க, குடி. அந்தப் பசங்களை ரொம்பத் திட்டாதே, உன்னை யாரும் திட்டி வளக்கல. தேவனோட கை உன்மேல இருக்கட்டும், மாதா உன் முட்டியப் பாத்துக்கட்டும், போற இடமெல்லாம் உன்னைப் பிடிச்சவங்களா இருக்கட்டும்.

அந்த வீடியோவை அனுப்பு. டோனாகிட்ட போய்க் காட்டுடின்னு கேக்க எனக்கு மனசு வரல. அப்புறம் இனிமே ராத்திரியோ பகலோ, நல்லதோ கெட்டதோ, மொதல்ல எங்களுக்குப் போன் பண்ணு, அடுத்த வீட்டுக்கு அப்புறம்.

அப்பாவோட முத்தத்தோட,
இன்னும் எரிச்சல் அடங்காத
உன் அம்மா,
லொரேன்