ஆஜர், சுகம்

என் அருமை அத்தானுக்கு,

கடிதம் என்றால் 'சுகம், சுகமறிய அவா' என்று தொடங்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இப்போதைக்கு நான் சொல்வதாக இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் படித்துக்கொண்டு வந்தால் தெரிந்துவிடும்.

போன மாதம் கணேசன் போன் பண்ணினான். இலஞ்சியில் வருஷா வருஷம் சீசனுக்கு நாம் தங்குகிற தோப்பு வீட்டைப் பார்த்துக்கொள்கிறானே, அதே கணேசன்தான். பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். "யக்கா, ஆனி கடைசியில சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளுன்னு ஏட்டையா போன வருசம் போகும்போதே சொல்லிட்டுப் போனாவ. இப்பம் போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காவ. வாரியளா? வேற ஆளு வந்து கேக்காவ" என்றான்.

"வாறோம்" என்றேன்.

நீங்கள் கார்த்திகையிலேயே போய்விட்டீர்கள் என்று அவனிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. வாய் அதுபாட்டுக்கு வாறோம் என்றது, கை அதுபாட்டுக்கு அடுத்த சான்றிதழை எடுத்தது. அன்றைக்கு எழுதினதில் ஒரு பிழைகூட இல்லை. ஏழு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன் அத்தான்.

துஷ்டி வீட்டில் உங்களைக் கட்டின என் அக்கா அழுதாள், உங்கள் பிள்ளைகள் செந்திலும் அவன் தம்பியும் அழுதார்கள், பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாலே குறை சொல்கிற சுரண்டை மாமாகூட அழுதார். ஊரறிந்த வாயாடி நான், பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "செண்பகம் எப்பிடிக் கல்லு மாதிரி நிக்கா பாரு" என்று மெச்சிக்கொண்டார்கள். மெயின் அருவியில் வெகு நேரம் நின்றால் முதுகு மரத்துப்போய்த் தண்ணீர் விழுவதே தெரியாது என்று அக்கா சொல்வாள். நான் நின்றது அப்படித்தான்.

வாறோம் என்று சொன்ன பாவத்துக்கு நானே எல்லா ஏற்பாட்டையும் செய்ய வேண்டியதாயிற்று. ஆட்களை எண்ணினேன். போன வருஷம் முப்பத்திரண்டு. உங்களைக் கழித்தால் முப்பத்தொன்று. மாசியில் செந்திலுக்கு மகள் பிறந்திருக்கிறாள், அவளைச் சேர்த்தால் மறுபடியும் முப்பத்திரண்டு. நீங்கள் இல்லாமலே கணக்கு சரியாக வந்துவிட்டது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வரியில் 'வேன் - இரண்டு' என்று எழுதினேன்.

குடும்பக் குழுவில் செய்தி போட்ட அன்றே சுரண்டை மாமா போனில் வந்தார். "வருசம் திரும்பல, அதுக்குள்ள என்னட்டி டூரு வேண்டிக்கெடக்கு? ஊரு சிரிக்கும்."

"மலை ஏறல மாமா. பண்பொழிக் கோயில் இந்தத் தடவ கெடையாது. படகும் கெடையாது. குளிக்கதுக்கு என்ன தீட்டு?"

"அப்பிடின்னா பார்டர் கடை புரோட்டா?" என்று கேட்டார் மனுஷர். "அதுக்கும் தீட்டு கெடையாது" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஊர் சிரிப்பதைப் பற்றிப் பேசவில்லை. இதைக் கேட்க நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

வேன், அறை, சாப்பாடு எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் உங்கள் ஜோடிப் பட்டியல் நின்றது. எத்தனை சீசன் அருவியில் பந்தோபஸ்து பார்த்தீர்கள், காணாமல் போன பிள்ளைகளை எத்தனை தடவை மைக்கில் கூப்பிட்டிருப்பீர்கள். அந்தச் சலிப்பில் நம் வீட்டுக்கென்று நீங்கள் போட்ட சட்டம் அல்லவா அது. பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரு ஜோடி. அருவிக்கு ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் போவதால் புருஷன் பெண்டாட்டி ஜோடி சேரக் கூடாது. வேனில் ஏறும்முன் நீங்கள் விசில் ஊதினால் யாரும் தன் பெயரைச் சொல்லக் கூடாது, ஜோடியின் பெயரைத்தான் கூவ வேண்டும். ஆள் வந்திருந்தால் 'ஆஜர்'. உடம்பு நன்றாக இருந்தால் 'சுகம்'. வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்திருந்தாலும், வயிற்றைக் கலக்கினாலும் 'சுகமில்லை' என்று ஜோடிதான் ஊரறியச் சொல்ல வேண்டும். "தன் ஒடம்பப் பத்தி எவனும் உண்மை சொல்ல மாட்டான். பக்கத்துல நிக்கவன்தான் சொல்லணும்" என்பீர்கள்.

உங்களுக்கு ஜோடி நான். தண்ணீரில் நனைந்தால் எனக்கு இளைப்பு வரும், அதனால் குளிக்க மாட்டேன். காவல் பார்த்துப் பழகின நீங்களும் குளிக்க மாட்டீர்கள். பைகளையும் துண்டுகளையும் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து வம்பு பேசுவோம். வெளியில் காயும் ரெண்டு துணி என்று அக்கா நம்மைக் கேலி செய்வாள்.

போன வருஷம் மூன்றாம் நாள், ஐந்தருவிப் படியில், நினைவிருக்கிறதா? சாரல் காற்றில் எல்லோருக்கும் பல் தந்தியடித்தது. உங்களுக்கு மட்டும் நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையைப் பிசைந்து பிசைந்து விட்டுக்கொண்டிருந்தீர்கள். "என்னத்தான் இப்பிடி வேக்குது?" என்று கேட்டேன்.

"வாயுட்டி. ஒரு சுக்குக் காப்பி வாங்கியா, செரியாப் போவும். ஒங்க அக்காட்ட சொல்லிராத. இப்பமே வேனத் திருப்பச் சொல்லிருவா. பிள்ளையெல்லாம் ஆசையா வந்திருக்கு."

வாங்கி வந்தேன். குடித்தீர்கள். வேர்வை அடங்கிற்று. "ஏட்டையாவுக்கே வாயுவா, அது ஒங்க ஸ்டேசன் ஓசி வடைலா?" என்று கிண்டல்கூடச் செய்தேன். பிறகு நீங்கள் விசில் ஊதினீர்கள், ஒவ்வொருவராகக் கூவினார்கள், என் முறை வந்தது. "அத்தான் ஆஜர், சுகம்!" எல்லாரையும்விட சத்தமாகக் கூவினேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சு வலி, கை வலி, வேர்வைன்னு வந்திருக்கா?" அக்கா சொன்னாள், "ஒரு நா தலவலின்னு படுத்ததில்லய்யா. போன சீசனுக்குக்கூட முப்பது பேரக் கூட்டிட்டுப் போனாவ." நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. மரத்துப்போனது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருந்தால்? ஐந்தருவிப் படியிலிருந்து நேராக உங்களை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தால்? போலீஸ்காரர் நீங்கள், உண்மையை மறைக்க ஆள் தேடும்போது போயும் போயும் இந்த ஓட்டை வாயையா நம்பினீர்கள்?

ஜோடிப் பட்டியலோடு பண்பொழிக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் போனதிலிருந்து அக்கா வாசலைத் தாண்டவில்லை. வாசலில் நின்றால் தெரிகிற திருமலைக் கோயிலைக்கூட அவள் பார்ப்பதில்லை. "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். சரி, பட்டியலையாவது பாரேன் என்று கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினாள். "மாமாவுக்கு மாடி ரூம் போடாத, ராத்திரி நாலு தடவ எந்திரிப்பாவ. அத்தைக்கு முட்டு வலி, அவ இந்த வருசம் அருவிக்கு வர மாட்டா." செய்யச் செய்ய அவள் குரலில் பழைய அதிகாரம் கொஞ்சம் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஒனக்கு நேரா பச்சப்பிள்ளயப் போட்டிருக்கு?"

"செந்தில் பொஞ்சாதி போட்டா. குளிக்காதது நாங்க ரெண்டு பேருதானாம்."

அக்கா லேசாகச் சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்தருவிப் படி, வேர்வை, கை, சுக்குக் காப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சான்றிதழ் வாசிப்பது போல ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தின்மேல் வைத்தாள். "ஒங்கிட்ட சொன்னாவளா?" என்றாள். "எங்கிட்ட சொல்லல, ஒங்கிட்ட சொன்னாவ."

"சொல்லாதன்னு சொன்னாவக்கா."

"டாக்டர் கேக்கும்போது நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேம்லா? கேட்டுக்கிட்டுதான நின்ன?"

"ஆமா."

எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். உலர்ந்தது, ஈரம் எல்லாவற்றையும் சேர்த்தே மடித்தாள். நான் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். அவள் திரும்பவில்லை.

இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான், அவளையும் தொலைத்துவிட்டேன் என்று புத்திக்குத் தெரிந்தது. வலிக்கட்டும் என்று காத்திருந்தேன், வலிக்கவில்லை. இலஞ்சிக்குப் போய் அறைகளைப் பார்த்தேன், பாத்ரூம் குழாய்களைத் திறந்து மூடினேன். தென்னை மரத்தடியில் உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவிப் போட்டிருந்தான் கணேசன். அவனிடமும் சொன்னேன். "எப்பம்?" என்று மட்டும் கேட்டான். பிறகு நாற்காலியை உள்ளே எடுக்கப் போனான், பாதியில் நின்று, மறுபடி அங்கனயே போட்டுவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரம், வாசலில் அக்கா நிற்கிறாள். தனியாகப் பஸ் ஏறித் தென்காசிக்கு வந்திருக்கிறாள். தலையெல்லாம் சாரல். செருப்பைக் கழற்றினவள் உட்காரவில்லை.

"அந்தப் பட்டியல எடு. பேனாவும் எடு."

எடுத்துக் கொடுத்தேன். சுவரில் வைத்தே எழுதினாள். என் பெயருக்கு எதிரே இருந்த குழந்தையின் பெயரை அடித்து, அதைத் தனக்கு ஜோடியாகப் போட்டிருந்த முட்டு வலி அத்தையோடு சேர்த்தாள். என் பெயருக்கு எதிரே 'கோமதி' என்று தன் பெயரை எழுதினாள். சுவர் சொரசொரப்பு, எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"நான் குளிக்கும்போது நீ படியில நின்னு என்னயவே பாரு. வம்பு பேசக் கூடாது. எனக்கு என்னன்னாலும் செந்தில்ட்ட சொல்லணும். நானே சொல்லாதன்னு சொன்னாலும் சொல்லணும். செய்வியா?"

"செய்யுதேன்."

"ஒம்மேல கோவந்தான். அது இப்பம் போவாது. அதுக்காவ ஒன்னய ஜோடியில்லாம விட முடியுமா?" பேனாவை மூடினாள். "நீ எப்பிடி இருக்க?"

"சுகந்தான்" என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது.

"ஏட்டி."

உங்கள் அதட்டலேதான் அத்தான், அச்சு அசல். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தால் வராதா?

"சுகமில்லக்கா" என்றேன். அழுகை வரவில்லை. ஆனால் பட்டியலை வாங்கும்போது அவள் தலையிலிருந்து ஒரு சொட்டுச் சாரல் என் கையில் சில்லென்று விழுந்தது, அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே பெரிய விஷயம். அக்கா அந்தக் கையைப் பிடித்து, "வேலைக்கு லீவு சொல்லு, இட்லி இருக்கா?" என்றாள். இருந்தது. தேங்காய்ச் சட்டினியில் உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே ஐந்து தின்றாள்.

சனிக்கிழமை புறப்படுகிறோம். மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதாம், தடை போட்டாலும் போடுவார்களாம். போட்டால் பழைய குற்றாலம், அதுவும் இல்லையென்றால் தோப்பு வீட்டுத் தொட்டி. உங்கள் விசில் செந்திலிடம் இருக்கிறது. உங்கள் மாதிரி ஊத அவனுக்கு வராது, காற்றுதான் போகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விசில் ஊதினதும் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன், கையைத் தொட்டுப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன். இந்தத் தடவை 'கோமதி ஆஜர், சுகமில்லை' என்றுதான் கூவ வேண்டியிருக்கும். அடுத்த வருஷம் எப்படியோ. ஆனால் இல்லாத சுகத்தை இனி யாருக்காகவும் கூவ மாட்டேன். நீங்களே எதிரே வந்து நின்று கண்ணடித்தாலும் கூவ மாட்டேன்.

போன வருஷ ரிப்போர்ட்டில் ஒரு திருத்தம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தான் ஆஜர். சுகமில்லை.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள், ஐந்தருவிப் படியில் உங்களுக்கு ஜோடியாக உட்கார்ந்திருந்த
செண்பகம்