காலி வண்டியில் எடுத்த அளவு

21-2-1958, வெள்ளி.

வக்கீலய்யாவின் ரெண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்பக்கம் அகலமான சக்கரமும் டயரும் நான்தான் தேர்ந்தெடுத்து மாட்டினேன். வண்டி காலியாக நின்றபோது டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். ஆள் உட்கார்ந்தால் தாழும் என்று யோசிக்கவில்லை. இன்று காலையில் பட்டறை வாசலில் அவர் மனைவியும் ஏறி ஆவுடையார்கோவிலுக்குக் கிளம்பியதும், டயர் மட்கார்டில் உரசி ஒரே ரப்பர் நாற்றம். "என்னப்பா இது?" என்றார் வக்கீலய்யா. "அம்மா எறங்கிக்கிட்டா சரியாயிருங்க" என்றேன். அந்தம்மா இறங்கினார், உரசலும் நின்றது. வக்கீலய்யா சிரித்தார், பட்டறையே சிரித்தது. அந்தம்மா முகம் சுண்டிப்போய், "நீங்க போங்க, நான் பஸ்ல வாரேன்" என்று அர்ச்சனைக் கூடையோடு நடந்தார். அளவு தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. மெக்கானிக் என்ற வீராப்பு.

சாயங்காலம் அந்தம்மாவே பட்டறைக்கு வந்து விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். "ஒங்க டயர் நல்லா ஓடுச்சாம். நான்தான் ஒடம்பக் கொறைக்கணும்."

வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.