சாந்தியின் ஒன்பது ஆட்டங்கள்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. திருத்த வேண்டிய பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் இன்னும் முப்பத்திரண்டு. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க மறந்தாயிற்று.

தக்கலை செஸ் கிளப் செயலாளர் டேனியல் வந்தார். கிளப்பின் ஐம்பதாவது ஆண்டுக்கு மலர் போடுகிறார்களாம். மாவட்ட சாம்பியன்களில் எல்லாக் காலத்துக்கும் வலுவானவர் யார் என்று நான் கட்டுரை எழுத வேண்டும். கணக்கு வாத்தியார், பழைய சாம்பியன், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. நம்மை விட்டால் ஆள் இல்லையாம். ஒரு பை நிறையப் பழைய ஆட்டத்தாள்கள் கொடுத்துப் போனார். ஆடியவர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் கைப்பட எழுதியவை.

வழி எளிது. ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் போட்டால் தப்பான நகர்த்தல் எத்தனை என்று அது சொல்லிவிடும். தப்பு குறைந்தவர் வலுவானவர். சண்டைக்கு இடமில்லை.

ஜூலை 7, திங்கள்

காற்று. முருங்கைக் கொம்பு ஒன்று ஒடிந்தது.

முதல் சாம்பியன் தபால்காரர், இறந்துபோனவர். கையெழுத்து முத்து முத்தாக. இப்போதைய சாம்பியன் குளச்சல்காரன், செல்போனிலேயே படித்து வந்தவன். பிறகு நான். எல்லாக் கல்யாண வீட்டிலும் நான் சொல்லிச் சொல்லி அலுத்த, எனக்குப் பட்டம் தந்த அந்தக் கடைசி ஆட்டத்தில், எதிராளி இரண்டே நகர்த்தலில் எனக்கு செக்மேட் வைத்திருக்கலாம். அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மனைவி சாந்தியிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பையின் அடியில் ‘மகளிர்’ என்று ஒரு கட்டு. அதில் சாந்தியின் ஒன்பது ஆட்டங்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் மகளிர் சாம்பியன். தெரியாமலா? தெரியும். ஆனால் அவள் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ஜூலை 9, புதன்

சாந்தியின் ஆட்டங்களையும் கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு முறை சரிபார்த்தேன். எல்லாரையும் விடத் தப்பு குறைவு சாந்திக்குத்தான். தபால்காரரை விட, குளச்சல் பையனை விட. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அவள் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உடனே போய்ச் சொல்லவில்லை. கல்யாணமான வருஷம் மதுரையில் மாநிலப் போட்டி என்று அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. என் அம்மாவுக்குக் கால் ஒடிந்திருந்த சமயம். கடிதம் ஒரு வாரம் டிவி மேல் கிடந்தது. பிறகு காணவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

டேனியலுக்குப் போன். விஷயத்தைச் சொன்னேன். “அது தனிப் போட்டியாக்கும் மக்கா. சேத்துப் போட்டா ஆளுவ சண்டைக்கு வருவாவ” என்றார். ஓரமாக ஒரு கட்டம் கட்டி, மகளிரும் சிறப்பாக ஆடினார்கள் என்று போடலாமாம். யோசிக்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

சாந்தியிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பட்டியலை வெகு நேரம் பார்த்தாள்.

“இது தப்பாக்கும்.”

அவளோடு ஆடியவர்களில் பாதிப்பேர் புதியவர்களாம். பத்தாவது நகர்த்தலிலேயே குதிரையையோ யானையையோ சும்மா கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் தப்பில்லாமல் ஆடலாம். தபால்காரருக்கு அப்படியில்லை, எதிரே இருந்தவர்கள் விடாக்கண்டர்கள். கஷ்டமான ஆட்டத்தில்தான் தப்பு வரும். “உங்க கணக்கு ஆளை அளக்கல்ல. ஆட்டம் எவ்வளவு லேசுண்ணுதான் அளக்குது.”

இருபத்தாறு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் யார்தான் வலு என்று கேட்டேன். எதிரெதிரே உட்கார்ந்து ஆடினவர்களைத்தான் சொல்ல முடியும், மற்றதெல்லாம் ஊகம் என்றாள்.

அந்தச் சூட்டில் மதுரைக் கடிதத்தைப் பற்றியும் கேட்டுவிட்டேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்க போவாதேண்ணு சொல்லல்ல. போண்ணும் சொல்லல்ல.”

நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். ‘ம்’ என்றாள். நறுக்கி முடித்து எழுந்தபோது, சாயா வேணுமா என்று கேட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில், ஒருவழியாக. போர்வை எல்லாம் மாடியில்.

மத்தியானம் பலகையை எடுத்து வைத்தேன். எல்லாம் மறந்துபோயிற்று என்றாள், ஆனாலும் உட்கார்ந்தாள். முதல் ஆட்டத்தில் ராணியைச் சும்மா விட்டாள். திருப்பித் தரட்டுமா என்றேன். முறைத்தாள். இரண்டாவதும் எனக்கு. மூன்றாவதில் நிதானம் வந்துவிட்டது. காயைத் தொடுவதற்கு முன் கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அந்தப் பழக்கத்தை இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன். ஐந்தரைக்கு நான் தோற்றேன். விட்டுக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

தலை வலிக்கிறது என்றாள். இன்னொன்று ஆடலாமா என்றும் கேட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

கட்டுரை கொடுத்தாயிற்று. முதலிடம் யாருக்கும் இல்லை, ஏன் இல்லை என்று மட்டும் இரண்டு பக்கம். காரணம் கண்டுபிடித்தவர் சாந்தி என்று பெயரோடு. ஓரக் கட்டம் கிடையாது, அவள் ஆட்டம் ஒன்று முழுப் பக்கத்தில் என்றேன். டேனியல் முனகினார், பிறகு சரி என்றார்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, நேற்று பாதியில் நிறுத்திய ஆட்டத்தில் என் மந்திரி மாட்டிக்கொண்டது என்கிறாள். ராத்திரி படுத்தபடியே கண்டுபிடித்தாளாம். கம்ப்யூட்டரில் பார்க்கக் கூடாது என்று கட்டளை. காய்களைக் கலைக்கவும் விடவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பலகைதான். புட்டும் பழமும் இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.