அப்பாவின் காது

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். காதுதான் முழுக்க அடைத்துவிட்டது. போனில் நீ தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை, கடிதமே போடு. சைகை வகுப்புக்குப் போகிறேன் என்றதும் சிரித்தாயாமே? அங்கே வாயே திறக்கக் கூடாது. என்னைப் போய்!

நேற்று டீச்சர், ‘பார்த்த வேலையைக் கையால் காட்டுங்கள்’ என்று போர்டில் எழுதினார். வலது கையால் பிடியை இழுத்து, விரல் நசுங்காமல் இடது கையை வெடுக்கென்று பின்னால் வாங்கிக் காட்டினேன். அடுத்து மீசைக்காரர். அதே இழுப்பு, அதே வெடுக்கு. அதற்கடுத்தவளும் அப்படியே. காப்பியடிக்கிறார்கள் என்று டீச்சருக்குச் சிரிப்பு. எங்களுக்கு வரவில்லை. வகுப்பில் இருந்த ஏழு பேரும் வேறு வேறு ஷிப்ட், ஆனால் ஒரே கம்பெனி, டப்பா மூடி அடிக்கும் அதே பிரஸ் மெஷின், அதே இரைச்சல். ஏழு பேரிடமும் கம்பெனி டாக்டர், “உங்க பரம்பரைக் காது அப்படி” என்றிருக்கிறார். சேர்ந்து கம்பெனி மேல் லேபர் ஆபீசில் புகார் கொடுக்கப் போகிறோம்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

உனக்குப் புண்ணியமாகப் போகும், அதில் சேராதே. அதே கம்பெனியில்தான் நானும் சூப்பர்வைசராகச் சோறு தின்கிறேன். மேனேஜர் கூப்பிட்டு, “உங்கப்பாவுக்கும் காது மந்தம்தானே? எழுதிக் குடுத்துடுங்க” என்கிறார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. நான் என்ன செய்ய?

தம்பி

மார்ச் 15

தம்பி,

எழுதிக் கொடுத்துவிடாதே. அடுப்படியில் சர்க்கரை டப்பாவைத் தொட்டாலே வாசலிலிருந்து “யார்றா அது?” என்று அதட்டுவாரே அப்பா! செத்துப்போன மனிதரைச் செவிடாக்காதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 20

தம்பிக்கு,

பதில் வரவில்லை. நேற்று விசாரணையில்தான் கிடைத்தது.

நீ எழுதிக் கொடுத்ததை அதிகாரி வாசித்தார். அவர் உதடு எனக்குப் பிடிபடவில்லை. உதடு படிப்பதில் மீசைக்காரர் கெட்டி, அவர்தான் கையால் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. முழுசாகச் சொல்லுங்கள் என்றேன். உங்கள் அப்பா பிறவிச் செவிடு, தம்பியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

என் புகாரைத் தள்ளிவிட்டார்கள். மற்ற ஆறு பேருடையது விசாரணையில் இருக்கிறது. அவர்களுக்கு உன்னைப் போல ஒரு தம்பி இல்லை. ஆனால் ஆறு பேரும் எழுந்து, “விசாரிச்சா ஏழையும் விசாரிங்க, இல்லன்னா எங்களதையும் தள்ளுங்க” என்று வாயாலும் கையாலும் சொல்லிவிட்டார்கள். அநேகமாக எல்லாமே போகும். எனக்காக வேண்டாம் என்று கைகளை ஆட்டி மன்றாடினேன். என் பேச்சைக் கேட்க மாட்டோம் என்று ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நீ இனி இங்கே வராதே. வந்து கதவைத் தட்டினாலும் எனக்குக் கேட்காது.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்