எழுதினதை எழுதினபடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாள். அத்தானும் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சலைத் தவிர. அதற்குக் காரணம் நீ அனுப்பிய பார்சல்.

இதைக் கையால் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடை போட்டு ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறவள் நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ‘மேற்படி தம்பியானவர்’ என்றுதான் விரல் போகும்.

பார்சல் செவ்வாய்க்கிழமை கடைக்கே வந்துவிட்டது. உன் நாலாவது படத்தின் ஸ்கிரிப்ட், நூற்றுப் பதினெட்டுப் பக்கம், மேலே பளபளவென்று அட்டை. கூடவே உன் சீட்டு. புதிதாக ஓர் உதவியாளர் பெண் சேர்ந்திருக்கிறாளாம், உன் கையெழுத்தைப் படிக்கப் பழகிவிட்டாளாம். “எழுதினதை எழுதினபடி அடிக்கிறா அக்கா, ஒரு எழுத்து மாறாது” என்று பெருமையாக எழுதியிருந்தாய். தயாரிப்பாளர் ஒரு தடவை கேட்டுவிட்டு என்னவோ குறைகிறது என்றாராம். இருபதாம் தேதி மறுபடி கேட்பாராம். அன்றைக்கும் பிடிக்காவிட்டால் படம் வேறு எழுத்தாளருக்குப் போய்விடுமாம். “நேரம் இருந்தா சும்மா படிச்சுப் பாரு” என்று முடித்திருந்தாய். அந்தச் ‘சும்மா’வை நான் நாலு தடவை படித்தேன்.

மனுவுக்கு வந்த இரண்டு பேரைக் காக்க வைத்துவிட்டு ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மனிதர்களின் சந்தோஷத்தை அளந்து வரி போடுகிற கம்ப்யூட்டர், அதை எதிர்த்து மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவுகிற கதாநாயகன். யோசனை பிரமாதம். அந்த லிஃப்ட் சண்டையைப் படிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது. அதெல்லாம் உன் கை, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தில் சிரிப்பு வருகிற மாதிரி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லையே தம்பி. கம்ப்யூட்டர் விதியைப் பற்றிப் பேசுகிறது. கதாநாயகன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறான். குண்டடி பட்டு விழுகிறவன்கூட ஒன்றரைப் பக்கம் தத்துவம் பேசிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. ‘தட்டச்சு’ என்று போட்டு, பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர். மூன்று படத்துக்கு உனக்கு நான் அடித்துக் கொடுத்தேன். மருந்துக் கடைக்காரரே தோற்றுப்போகிற உன் கையெழுத்தை விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பிடித்துப் படித்து அடித்தேன். எந்தப் பக்கத்தில் என் பெயர் இருந்தது, சொல்.

ஆரம்பித்துவிட்டேன், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். உன் முதல் படத்தை நினைத்துப் பார். இரண்டு வருஷம் வேலைக்குப் போகாமல் முன்னறையில் உட்கார்ந்து எழுதினாய். அந்த இரண்டு வருஷமும் வீட்டில் டிவி சத்தம் கேட்டதில்லை. நாள் முழுக்க விசைப்பலகையைத் தட்டிவிட்டு மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வருவேன். வாசலிலேயே அம்மா, “தம்பி எழுதறான், செருப்பைச் சத்தம் போடாம கழட்டு” என்பாள். தட்டச்சுப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய என் சான்றிதழை அப்பா சுவரிலிருந்து கழற்றி, அதே ஆணியில் நீ வைத்து எழுதுகிற பரீட்சை அட்டையை மாட்டினார், உனக்குக் கைக்கு எட்டுகிற உயரம் என்று. எனக்கு எரியுமா எரியாதா?

அந்த எரிச்சலோடுதான் உன் ஸ்கிரிப்டை அடிக்க உட்கார்ந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் உன் ரோபோ தளபதி பூமியில் இறங்கி, “மானிடர்களே, உங்கள் யுகம் முடிந்தது” என்று முழங்குவதாக எழுதியிருந்தாய். அதை எடுத்துவிட்டு நான் இப்படி அடித்தேன்: “ஐயா, மேற்படி பூமியில் தாங்கள் குடியிருந்து வருவது எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது. இந்த அறிவிப்பு கண்ட ஏழு நாட்களுக்குள் காலி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் லேசர் பாயும் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.” அதோடு விடவில்லை. உலகத்தைக் காப்பாற்றுகிற பீரங்கியைக் கதாநாயகன் இயக்கப் போகும்போது, இரண்டு சாட்சிக் கையெழுத்து இல்லாமல் அது சுடாது என்று அடித்தேன். எதற்குத் தெரியுமா? சினிமாக் கம்பெனிக்காரர்கள் உன்னைக் கேலி செய்ய வேண்டும், ஸ்கிரிப்டை உன் முகத்தில் எறிய வேண்டும், மறுநாளிலிருந்து நீயும் எல்லாரையும்போல் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அதற்காகத்தான். நீ புரட்டிப் பார்க்க முடியாதபடி, கம்பெனிக்குப் புறப்படுகிற அவசரத்தில்தான் உன் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானமே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு விவாகரத்து மனுவில் புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டு, அந்த அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் நீ வந்தாய். “ஒன்பதாம் பக்கத்துல ஆரம்பிச்சாங்க அக்கா, கடைசி வரைக்கும் சிரிச்சுட்டே இருந்தாங்க. இந்த மாதிரி யாரும் எழுதினதில்லையாம்” என்றாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஷூவைக் கழற்றிக்கொண்டே, “நீ அவசரமா அடிச்சதுல ஏதேதோ கூட விழுந்திருக்கு. பரவால்ல. அடுத்ததையும் நீயே அடிச்சுக் குடு” என்றாய்.

இந்த ஒன்பது வருஷத்தில் நாம் அதைப் பற்றிப் பேசிய பேச்சு அவ்வளவுதான். இரண்டாவது படத்தில் நகரத்தை மிதிக்க வந்த ராட்சத ஜந்துவை டோக்கன் வாங்க வைத்து வரிசையில் நிறுத்தினேன். மூன்றாவதில், நகலில் அதிகாரி கையொப்பம் இல்லாததால் கால யந்திரம் கதாநாயகனைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் நீயும் தேறிவிட்டாய். வில்லன் வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் இரண்டு வரி வெற்றாக விட்டு எழுதி அனுப்பினாய். அந்த வெற்று வரிகளைப் பார்த்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வரும் என்று உனக்குத் தெரியாது.

தியேட்டரில் அத்தான் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். “உன் தம்பிக்கு மூளையப் பாரு. நீ தினமும் இதையேதான் அடிக்கிற, உனக்கு ஒருநாள் இப்படித் தோணிச்சா?” என்று கேட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவென்று சொல்வேன்? நான்தான் எழுதினேன் என்றால், எதற்காக எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டுமே. அப்பாவோ பத்திரிகையில் வந்த உன் பேட்டியை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். ‘அலுவலக மொழியை ஆயுதமாக்கிய எழுத்தாளர்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. என் கடையில், என் கையாலேயே அதற்கு லேமினேஷன் போட வைத்தார். ஓரம் சுருங்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று மேற்பார்வை வேறு.

இப்போது அந்தப் பெண். நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள், அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். ஆனால் அவள் உன் எதிரே உட்கார்ந்து உன் கையெழுத்தைப் படிக்கிறாள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வயதில் இது என்ன குணம் என்று கேட்காதே. எனக்கும் தெரியவில்லை.

ஸ்கிரிப்ட் கடை மேஜை டிராயரில் இருக்கிறது. நாலாம் பக்கம் படிக்கும்போதே விரல் பரபரத்தது. உன் கம்ப்யூட்டர் கதாநாயகிக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸ் எனக்கு வரி வரியாகத் தெரிகிறது: “தாங்கள் கடந்த மாதம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஏழு முறை சிரித்தமைக்குத் தகுந்த விளக்கம் அளிக்கவும்.” இதை மட்டும் எடுத்துக்கொள், இனாம். மற்றபடி ஒரு வரிகூட நான் தொடவில்லை.

மூன்று படத்துக்கும் நீ கேட்காமல் நான் சேர்த்தேன், நான் சொல்லாமல் நீ வைத்துக்கொண்டாய். என் பங்கை இன்று சொல்லிவிட்டேன். உன்னைக் கவிழ்க்கத்தான் செய்தேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு. பிறகு கேள். ‘சும்மா’ என்றெல்லாம் போடாமல், எழுதிக் கொடு அக்கா என்று உன் கையால் ஒரு வரி எழுதிக் கேள். நாலே நாளில் முடித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். பெயர் போடுவதும் போடாததும் உன் இஷ்டம் என்று பெருந்தன்மையாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. போடு.

நேரத்துக்குச் சாப்பிடு. சிகரெட்டைக் குறை. இருபதாம் தேதி நல்லபடியாக முடியும், உன் திறமைக்கு ஒரு குறையும் வராது. மூன்று தடவை அவர்கள் சிரித்ததை நீ வந்து சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அந்த அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டுகிற,
உன் அக்கா