ஒரு வருஷம் குறைகிற கல்லறைப் பாட்டு

ஷீராஸ்
ஆபான் மாதம் 3, 1353 (உங்கள் ஊர்க் கணக்கில் 1974 அக்டோபர் 25)

அன்பு மகன் கியூமர்ஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளால் முட்டிவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஹாம்பர்க் குளிரில் நீயும் மருமகளும் சுகமாக இருக்கவேண்டும். உன் தங்கைக்கு மூன்றாவதும் பெண்தான், அவள் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், வைத்துக்கொள்ளட்டும். அப்பாவின் வருஷ நினைவுநாளுக்கு இன்னும் பத்தே நாள், கல்லறைக் கல் இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது, காரணம் பழங்கவிதை, புதுக்கவிதை என்கிற உங்கள் இரண்டு கட்சியும்தான்.

அப்பாவின் கவிமன்றத் தலைவர் ஃபசீஹி பரிவாரத்தோடு வந்து, ஆளுக்கு நாலு தம்ளர் தேநீர் குடித்துவிட்டு, கல்லில் பொறிக்க ஈரடி ஒன்று கொடுத்தார். புல்புல் பறந்துவிட்டதாம், தோட்டம் அழுகிறதாம். நாற்பது வருஷமாக இந்தக் கூட்டத்தின் கவிதையை அடுப்படியிலிருந்து கேட்டவள் நான், அதே புல்புல்தான், ஒரு காக்கைகூட உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. கடைசி அடியின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் அப்பா இறந்த வருஷம் வரும் என்று மீசையை வேறு முறுக்கினார். கல் கொத்துகிற உஸ்தா ஹைதர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அம்மா, 1351தான் வருது, ஐயா போன வருஷந்தானே போனாரு என்றான். ஃபசீஹியைக் கேட்டால், ஒண்ணுதானே குறையுது தங்கச்சி, ஒரு எழுத்து சேர்த்தா யாப்பு கெட்டுப்போயிடும், அவரே இருந்தா யாப்புக்காக ஒரு வருஷம் முன்னாடியே போயிருப்பாரு என்கிறார்.

நீ அனுப்பிய புதுக்கவிதை மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு வரியில் ஒரே சொல், அடுத்த வரி பக்கத்துக் கல்லறைக்கே போய்விடுகிறது. அப்பா, ரயில் வராத நிலையமாம். ஷீராஸுக்கு எந்தக் காலத்தில் ரயில் வந்தது? தேதி எங்கேடா என்று கேட்டால், தேதியெல்லாம் எதுக்கும்மா, மரணத்துக்கு நாள்காட்டி கிடையாது என்று பதில் போடுகிறாய். மரணத்துக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். அவர்களுக்கு ஒரு வருஷம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, உனக்கு வருஷமே வேண்டாம். இதற்குத்தான் பழசு புதுசு என்று பத்திரிகையில் அடித்துக்கொள்கிறீர்கள்.

ஃபசீஹி பாட்டில் குறைகிற அந்த ஒரு வருஷம் என்ன வருஷம் என்று உனக்குத் தெரியாது. மாரடைப்புக்குப் பிறகு டாக்டர் வெளியே போகக்கூடாது என்றதால் அப்பா கடைசியாக மன்றத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்த வருஷம். அந்தக் கவிகளில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து மொச்சை உரிப்பார். ஒரு நாள் உரிப்பதை நிறுத்தி என் முகத்தையே பார்த்துவிட்டு, தூபா, உன் கன்னத்துல இந்த மச்சம் எப்போ வந்துச்சு என்று கேட்டார். காதலியின் மச்சத்தைப் பற்றியே ஆயிரம் அடி எழுதிய மனுஷன்! பொறந்ததிலிருந்தே இருக்கு என்றேன், அன்றைக்குப் பூராவும் வெட்கத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. அவர் எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு வருஷம்தான், அதை யாப்புக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன இளிச்சவாயா?

நேற்று இரண்டு காகிதத்தையும் உஸ்தா ஹைதரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். பேரும் வருஷமும் போதும், 1352 என்று எண்ணிலேயே கொத்து, நல்லா ஆழமாகக் கொத்து என்றேன். ஃபசீஹி நினைவுநாளுக்கு வரமாட்டாராம், தேநீர் மிச்சம்.

ஆண்டவன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. கவிதை கிடக்கட்டும், மருமகளின் முகத்தை இந்த வயதிலேயே பார்த்துப் பழகு.

உன் அம்மா,
தூபா